அழைத்துப் போகாமல் விட்ட நண்பர்



மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தப் பக்கத்தில் மறைந்த ஒருவரின் வாழ்க்கையை எழுதி வருகிறேன். சென்ற இதழில் எம்.கே. தியாகராஜ பாகவதரைப் பற்றி எழுதியபோது லிஃப்டில் நிறுத்தி வைத்துப் பேசினவர்கள் உண்டு. இந்த முறை எழுதப்போகும் பெயர் பலருக்குப் புதிதாக இருக்கலாம். எனக்கும் இரண்டு மாதம் முன்பு வரை புதிதுதான். அவர் பெயர் சிட் பாரெட். இங்கிலாந்துக்காரர், ராக் இசைக் கலைஞர்.

அவரை எனக்கு அறிமுகப்படுத்தியது ஒரு புகார். எங்கள் தளத்தில் கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன் இரவில் பாட்டுச் சத்தம் அதிகமாக வைக்கிறான் என்று இரண்டு வீட்டார் சொன்னார்கள். பிளாக் பிரதிநிதி என்ற முறையில் நான்தான் போய்ச் சொல்ல வேண்டும். போனேன். பையன் உடனே சத்தத்தைக் குறைத்து மன்னிப்பும் கேட்டான். அதோடு விட்டிருக்கலாம். அங்கிள், ஒரே ஒருமுறை முழுசாகக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள் என்று ஹெட்போனை நீட்டினான். சும்மா இருந்த மனுஷன் நான், சரி என்று உட்கார்ந்துவிட்டேன்.

அவன் போட்டது பிங்க் ஃபிளாய்ட் என்ற குழு 1975இல் வெளியிட்ட விஷ் யூ வேர் ஹியர் என்ற இசைத்தட்டு. நீ இங்கே இருந்திருக்கலாமே என்று பொருள் கொள்ளலாம். இதைக் கான்செப்ட் ஆல்பம் என்கிறார்கள். நாமெல்லாம் ரேடியோவில் ஒரு படத்துக்கு ஒரு பாட்டு என்று கேட்டு வளர்ந்தவர்கள். இது அப்படி இல்லை. ஒரே எண்ணத்தைச் சுற்றிப் பாடல்களை வரிசையாகக் கோத்திருப்பார்கள். முதலிலிருந்து கடைசி வரை அதே வரிசையில் கேட்க வேண்டும். நடுவில் ஒன்றை மட்டும் எடுத்துக் கேட்டால், கதாகாலட்சேபத்தில் பாதியில் வந்து உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். 1967இல் பீட்டில்ஸ் குழுவின் சார்ஜென்ட் பெப்பர் வந்த பிறகு இந்தப் பழக்கம் பரவியது.

ஐந்தே பாடல்கள். மொத்தம் 44 நிமிடம். முதல் பாட்டு பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. அதில் எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகியும் யாரும் வாய் திறக்கவில்லை. கீபோர்டின் மெல்லிய ஒலி, பிறகு கிதாரில் நான்கே நான்கு ஸ்வரம், திரும்பத் திரும்ப. பையன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான், எழுந்துவிடுவேன் என்று நினைத்தான் போலிருக்கிறது. நிதானமான ஆலாபனை கேட்டுப் பழகியவனுக்கு எட்டு நிமிடம் ஒரு பொருட்டா? எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறு. அந்த நான்கு ஸ்வரத்தில் யாரையோ கூப்பிடுவது போல் இருந்தது.

கேட்டு முடித்ததும் அதைத்தான் சொன்னேன். பையன் நிமிர்ந்து உட்கார்ந்து, சிட் பாரெட்டின் கதையைச் சொன்னான். அதன் பிறகு நானும் தேடிப் படித்தேன். அதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

சிட்டின் இயற்பெயர் ரோஜர் கீத் பாரெட். 1946 ஜனவரி 6இல் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் நான்காமவர். தந்தை நோயியல் மருத்துவர். வீட்டில் பியானோ இருந்தது, படம் வரைய வண்ணங்கள் இருந்தன, கேட்டதை வாங்கிக் கொடுக்கும் வசதியும் இருந்தது. 1961 டிசம்பரில் தந்தை புற்றுநோயில் இறந்துபோனார். சிட்டுக்கு அப்போது பதினாறு கூட நிறையவில்லை. வருமானத்துக்காக அம்மா வீட்டு அறைகளை வாடகைக்கு விட்டார்.

சிட் என்ற பெயர் அந்த ஊரில் இருந்த ஒரு ஜாஸ் கலைஞரிடமிருந்து வந்தது. அவர் பெயரிலும் பாரெட் இருந்ததால் நண்பர்கள் இவருக்கும் அதையே ஒட்டிவிட்டார்கள். பள்ளியில் ரோஜர் வாட்டர்ஸ் என்பவர் இவருக்கு மூத்த மாணவர். கல்லூரியில் டேவிட் கில்மோர் என்ற நண்பர் கிடைத்தார். மதிய இடைவேளையில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து கிதார் பழகுவார்கள். 1965 கோடையில் இருவரும் பிரான்சின் தென்பகுதிக்குப் போய்த் தெருவில் நின்று பாடிக் காசு சேர்த்தார்கள். இந்த இரண்டு பெயரையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1964இல் சிட் ஓவியம் படிக்க லண்டனுக்குப் போனார். அங்கே வாட்டர்ஸ், கட்டடக் கலை படித்துக்கொண்டிருந்த நிக் மேசன், ரிச்சர்ட் ரைட் என்பவர்களோடு ஒரு குழுவில் வாசித்துக்கொண்டிருந்தார். சிட் அதில் சேர்ந்தார். பிங்க் ஆண்டர்சன், ஃபிளாய்ட் கவுன்சில் என்று அமெரிக்க ப்ளூஸ் பாடகர்கள் இருவர். அவர்கள் பெயரின் முன்பாதிகளைச் சேர்த்துப் பிங்க் ஃபிளாய்ட் என்று குழுவுக்குப் பெயர் வைத்தவர் சிட்தான். பாட்டு எழுதினவர், மெட்டுப் போட்டவர், முன்னால் நின்று பாடினவர் எல்லாம் அவரே. கிதாரின் மேல் வட்ட வட்டமாகக் கண்ணாடித் தகடுகளை ஒட்டி வைத்திருப்பார். மேடை விளக்கு அதில் பட்டு அரங்கம் முழுக்கச் சிதறும்.

1967 மார்ச்சில் முதல் தட்டு வந்தது. கொடியில் காயும் துணிகளைத் திருடும் ஒருவனைப் பற்றிய பாட்டு. சிட்டின் அம்மாவும் வாட்டர்ஸின் அம்மாவும் மாணவிகளுக்கு அறை வாடகைக்கு விட்டிருந்தார்கள். அந்தப் பெண்களின் துணிகள் கொடியிலிருந்து காணாமல் போனதாம். அதுதான் பாட்டானது. நம் மொட்டை மாடியில் துணி காணாமல் போனால் வாட்ஸ்அப் குழுவில் நாற்பது செய்தி வரும், பாட்டு வராது. அந்தப் பாட்டு பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 20ஆம் இடத்துக்கு வந்தது. ஜூனில் வந்த சீ எமிலி ப்ளே என்ற பாட்டு 6ஆம் இடத்தைப் பிடித்தது. ஆகஸ்டில் முதல் முழு ஆல்பம் வந்தது. அதை லண்டன் அபே ரோட்டில் உள்ள ஸ்டுடியோவில் பதிவு செய்தபோது, அதே கட்டடத்தில்தான் பீட்டில்ஸ் சார்ஜென்ட் பெப்பரைச் செய்துகொண்டிருந்தார்கள். அதிலுள்ள 11 உருப்படிகளில் 8 சிட் தனியாக எழுதியவை. வயது 21.

அந்த வருடம் முடிவதற்குள் எல்லாம் சரிந்துவிட்டது. எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருளை அளவில்லாமல் எடுத்துக்கொண்டார். மனம் ஏற்கெனவே நலிந்திருந்ததா, போதை அதை நலிவித்ததா என்பதில் அவரை நெருங்கி அறிந்தவர்களிடமே இரண்டு கருத்து உண்டு. மேடையில் இரவு முழுக்க ஒரே ஸ்வரக்கட்டை மீட்டிக்கொண்டு நிற்பார். சில நாள் கையைத் தொங்கவிட்டு வெறுமனே நிற்பார். அமெரிக்கப் பயணத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு திரும்ப வேண்டியதாயிற்று. அவர் வாசிக்காதபோது வாசிக்க இன்னொரு ஆள் தேவைப்பட்டது. யாரைச் சேர்த்தார்கள்? மதிய இடைவேளையில் கூட உட்கார்ந்து கிதார் பழகிய டேவிட் கில்மோரை.

சில வாரம் ஐந்து பேராக ஒப்பேற்றினார்கள். சிட் வீட்டிலிருந்து பாட்டு மட்டும் எழுதித் தரட்டும் என்றும் ஒரு யோசனை இருந்தது. 1968 ஜனவரி கடைசியில் சவுத்தாம்ப்டனில் ஒரு நிகழ்ச்சி. வண்டியில் கிளம்பிவிட்டார்கள். வழியில் சிட்டை ஏற்றிக்கொள்ள வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம், விடு என்றார் இன்னொருவர். வண்டி நிற்காமல் போய்விட்டது.

கூட்டம் கூடவில்லை, தீர்மானம் போடவில்லை. சண்டைகூட இல்லை. அன்று ஏற்றிக்கொள்ளவில்லை, அடுத்த நாளும் ஏற்றிக்கொள்ளவில்லை. ஏப்ரலில்தான் அவர் விலகியதாக அறிவிப்பு வந்தது. குழுவின் மேலாளர்கள் இருவரும் சிட் இல்லாத குழுவுக்கு எதிர்காலம் இல்லை என்று நினைத்து, அவர் பக்கமே போய்விட்டார்கள். அவர்கள் போட்ட கணக்கு தப்பிப்போனது.

நண்பர்கள் அவரை அடியோடு கைகழுவிவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. சிட் தனியாக இரண்டு ஆல்பம் செய்தார், இரண்டும் 1970இல் வெளிவந்தன. முதலாவதை முடித்துக் கொடுக்க கில்மோரும் வாட்டர்ஸும் தங்கள் வேலைக்கு நடுவே நேரம் ஒதுக்கினார்கள். இரண்டாவதில் கில்மோரும் ரைட்டும் கூட இருந்தார்கள். ஒரு பாட்டை ஒருமுறை பாடியதுபோல் மறுமுறை பாடாத ஒருவரை வைத்துப் பதிவு செய்வது லேசான காரியம் இல்லை. அந்த ஜூனில் லண்டனில் ஒரு மேடை ஏறினார், கில்மோர் பக்கத்தில் நின்று வாசித்தார். நான்கு பாட்டு முடிந்ததும் சிட் கிதாரை இறக்கி வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

இதற்கிடையே அவர் இல்லாத பிங்க் ஃபிளாய்ட் வளர்ந்தது. 1973இல் தி டார்க் சைட் ஆஃப் தி மூன் வந்தது. காலம், பணம், சாவு, மனப்பிறழ்வு இவற்றைப் பற்றிய ஆல்பம். உலகம் முழுக்க 4 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 1988 வரை 741 வாரம் இருந்தது. நான்கு பேரும் பணக்காரர்கள் ஆனார்கள். அடுத்து என்ன செய்வது என்று உட்கார்ந்தால் ஒன்றும் ஓடவில்லை. அந்தச் சூனியத்தில்தான் கில்மோரின் கிதாரிலிருந்து அந்த நான்கு ஸ்வரம் வந்தது. அதைக் கேட்டதும் வாட்டர்ஸுக்குச் சிட்டின் நினைவு வந்து, பாட்டு எழுதினார். வைரமே, ஒளிவிடு என்பது போன்ற தலைப்பு. ஷைன், யூ, டயமண்ட் என்ற மூன்று சொற்களின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் சிட் என்று வரும். அந்தப் பாட்டை இரண்டாகப் பிரித்து ஆல்பத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் வைத்தார்கள். நடுவில் உள்ள மூன்றில் இரண்டு, பாடகனை இயந்திரமாக்கும் இசை வியாபாரத்தைப் பற்றியது. மூன்றாவது, இல்லாத நண்பருக்கானது.

1975 ஜூன். அதே அபே ரோடு ஸ்டுடியோவில் இந்தப் பாட்டைச் செம்மை செய்துகொண்டிருந்தார்கள். கட்டுப்பாட்டு அறைக்குள் ஒரு ஆள் வந்து நின்றார். பருமனான உடம்பு, மொட்டைத் தலை. புருவத்தையும் மழித்திருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. ஸ்டுடியோ ஊழியர் யாரோ என்று நினைத்து எல்லாரும் வேலையைப் பார்த்தார்கள். கூடவே வாசித்துக் கூடவே சாப்பிட்ட நண்பர்கள் அவர்கள். யாருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது சிட் என்று புரிந்தது. வாட்டர்ஸ் அழுதுவிட்டார். பாட்டைப் போட்டுக் காட்டினார்கள். அது தன்னைப் பற்றியது என்று அவருக்குத் தெரிந்ததாக முகத்தில் ஒரு அடையாளமும் இல்லை. பிறகு சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போனார். அவர் வயது அப்போது 29.

இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் சர்வீஸில் ஒரு கிளையில் நான்கு வருடம் என் பக்கத்து நாற்காலியில் ஒரு நண்பர் இருந்தார். லெட்ஜர் டேலி ஆகவில்லை என்றால் மேனேஜர் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார். எங்கே ஒன்பது பைசா இடிக்கிறது என்று பென்சிலை ஓட்டிக்கொண்டே போய்க் கண்டுபிடித்துவிடுவார். பிறகு ஒரு கட்டத்தில் தனக்குத் தானே பேச ஆரம்பித்தார். சாப்பிடும்போது திடீரென்று எழுந்து போவார். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து சாப்பிடுகிற வழக்கம். ஒருநாள் நாலு பேர் மட்டும் கேரியரை எடுத்துக்கொண்டு போனோம். அவரைக் கூப்பிட வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கூப்பிடவும் இல்லை. மறுநாளும் அப்படியே. அவர் நீண்ட விடுப்பில் போனார், பிறகு வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டார்.

பல வருடம் கழித்து, நவம்பர் மாதம், பென்ஷன்காரர்கள் லைஃப் சர்டிஃபிகேட் கொடுக்க வரிசையில் நிற்கும் நேரம். என் கவுண்டருக்கு வந்த ஒருவரிடம் தலை நிமிராமல் பெயர் கேட்டேன். சொன்னார். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். பெயர் கேட்டிராவிட்டால் தெரிந்திருக்காது. பின்னால் வரிசை நின்றிருந்தது. பாரத்தில் முத்திரை குத்திக் கொடுத்தேன். போய்விட்டார்.

சிட் கதைக்கு வருகிறேன். அந்த ஜூனுக்குப் பிறகு நண்பர்களில் பெரும்பாலோர் அவரைப் பார்க்கவே இல்லை. அவர் லண்டனில் சில வருடம் இருந்தார். 1982இல் ஒருநாள் கேம்பிரிட்ஜுக்குக் கிளம்பினார், நடந்தே. சுமார் 80 கிலோமீட்டர். அங்கே ஒரு சின்ன வீட்டில் அம்மாவுடன் இருந்தார், அம்மா 1991இல் மறைந்த பிறகு தனியாகவும். சிட் என்ற பெயரைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி ரோஜர் ஆனார். தோட்டம் போட்டார், சைக்கிளில் கடைக்குப் போய் வந்தார். பெரிய பெரிய படங்கள் வரைவார், முடிந்ததும் புகைப்படம் எடுத்துக்கொள்வார், பிறகு படத்தை எரித்துவிடுவார். தங்கை வந்து கவனித்துக்கொண்டார். ரசிகர்கள் ஊர் ஊராக வந்து வாசல் மணியை அடிப்பார்கள், தெருவில் வைத்துப் படம் எடுப்பார்கள். அவர் கேட்டதெல்லாம் தன்னைத் தன் போக்கில் விட்டுவிட வேண்டும் என்பதுதான்.

பணத்துக்கு என்ன செய்தார் என்று நம் வழக்கப்படி கேட்பீர்கள். நானும் அதைத்தான் முதலில் தேடினேன். அவர் எழுதிய பாட்டுகளுக்கு ராயல்டி வந்துகொண்டே இருந்தது. அது ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்று கில்மோர் பார்த்துக்கொண்டார். 2001இல் பிங்க் ஃபிளாய்டின் தொகுப்பு ஆல்பம் வந்தபோது, அதிலுள்ள 26 பாட்டில் 5 சிட் எழுதியவை. 2005 ஜூலையில் லண்டன் ஹைட் பார்க்கில் நால்வரும் பல வருடத்துக்குப் பின் சேர்ந்து வாசித்தபோதும், விஷ் யூ வேர் ஹியர் பாட்டை அவருக்குக் காணிக்கை ஆக்கினார்கள்.

மறு வருடம், 2006 ஜூலை 7இல், கணையப் புற்றுநோயில் சிட் இறந்தார். வயது 60. இறப்புச் சான்றிதழில் தொழில் என்ற இடத்தில் ஓய்வு பெற்ற இசைக் கலைஞர் என்று எழுதியிருந்தது. சுமார் 17 லட்சம் பவுண்டு சொத்து உடன்பிறந்தவர்களுக்குப் போனது. அவர் வீட்டிலிருந்த நாற்காலி, சைக்கிள், குறிப்பேடு, வரைந்த சில படங்கள் எல்லாம் அந்த நவம்பரில் கேம்பிரிட்ஜிலேயே ஏலம் போயின. கிடைத்த சுமார் 1,20,000 பவுண்டு ஓவிய மாணவர்களின் படிப்புக்குக் கொடுக்கப்பட்டது.

இவ்வளவும் தெரிந்த பிறகு மறுபடி ஒருமுறை அந்த ஆல்பத்தைக் கேட்டேன். முதல் தடவை கவனிக்காத இரண்டு இடங்கள் கிடைத்தன. நாலாவது பாட்டு ரேடியோ ஸ்டேஷன் திருப்பும் கரகர சத்தத்தில் தொடங்குகிறது. டிரான்சிஸ்டரில் சிலோனைப் பிடிக்கத் திருகிய நமக்கு அந்தச் சத்தம் கூடப் பிறந்தது. அதற்குள்ளிருந்து ஒரு கிதார் தூரத்தில் தேய்ந்து கேட்கிறது. சற்று நேரத்தில் இன்னொரு கிதார், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வாசிப்பதுபோல் தெளிவாகச் சேர்ந்துகொள்கிறது. ரேடியோவில் வாசிக்கும் ஒருவரோடு, ஒருவன் தன் அறையில் தனியாக உட்கார்ந்து சேர்ந்து வாசிக்கிறான்.

இரண்டாவது இடம் கடைசியில். இசை மெல்லத் தேய்ந்து மறையும்போது, ரிச்சர்ட் ரைட் கீபோர்டில் சில நொடி மட்டும் ஒரு பழைய மெட்டைத் தொட்டுவிட்டுப் போகிறார். அது சீ எமிலி ப்ளே. 1967இல் சிட்டின் பாட்டு. 44 நிமிடம் அவரைப் பற்றிப் பேசிவிட்டு, கடைசி வார்த்தையை அவரிடமே கொடுத்துவிட்டார்கள். பையன் இதைச் சொல்லாமல் வைத்திருந்தான். நானே கண்டுபிடித்துச் சொன்னபோது அவனுக்கு ஒரே சந்தோஷம்.

அந்த நண்பர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்று பையன் என்னைக் கேட்டான். வண்டியை நிறுத்தாததற்குப் பற்று எழுதலாம். ஆல்பத்தை முடித்துக் கொடுத்ததற்கும் ராயல்டி போய்ச் சேரப் பார்த்துக்கொண்டதற்கும் வரவு எழுதலாம். நாற்பது வருடம் கணக்கு எழுதிய கை இது. ஆனாலும் இந்தக் கணக்கு எனக்கு டேலி ஆகவில்லை என்று சொல்லிவிட்டேன்.

பழைய யூனியன் நண்பர்களிடம் விசாரித்து என் பக்கத்து நாற்காலிக்காரரின் விலாசத்தை வாங்கினேன். போன மாதம் போயிருந்தேன். அவர் மனைவி கதவைத் திறந்து யார் வேண்டும் என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் உள்ளே ஊஞ்சலில் இருந்தவர் என் பெயரைச் சொன்னார். முப்பது வருடத்தில் எனக்கும் தலை வழுக்கையாகி உடம்பு போட்டுவிட்டது. அவருக்கு அடையாளம் தெரிந்தது. அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதிகம் பேசவில்லை. காபி சாப்பிட்டோம். அடுத்த மாதமும் போவதாக இருக்கிறேன்.

நம் குடியிருப்பிலும் கூட்டத்துக்கு வராதவர்கள், வணக்கம் சொன்னால் பதில் சொல்லாதவர்கள் சிலர் இருக்கிறார்கள். பொங்கல் விழா, தீபாவளிக் கூட்டம் என்றால் வரமாட்டார் என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். வராவிட்டால் போகிறது, கதவைத் தட்டி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவதில் நமக்கு ஒன்றும் குறையாது.

கடைசியாக, புகார் பற்றி. இரவு ஒன்பது மணிக்கு மேல் ஹெட்போன் மட்டும்தான் என்று பையன் ஒப்புக்கொண்டிருக்கிறான். பதிலுக்கு அவனும் ஒன்று கேட்டான், சங்கமும் அனுமதி கொடுத்திருக்கிறது. வரும் மாதம் முதல் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு சமுதாயக் கூடத்தில் இந்த ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை போடப்போகிறான். 44 நிமிடம்தான். செல்போனை வீட்டில் வைத்துவிட்டு வரவும். சுண்டல் உண்டு.